ட்ரெபிள் குமிழில் ஐந்து புள்ளிகள்

எங்கள் தெருவில் எந்த வீட்டு ஆண் கரைக்கு வந்திருக்கிறான் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசை முடிந்து திரும்பும்போது எந்த வீட்டு ஸ்டீரியோ ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கிறதோ, அந்த வீட்டில் ஆள் வந்தாச்சு. மணிலாவுக்குத் தெற்கே எங்கள் இலோயிலோ துறைமுகப் பக்கம் இப்படிக் கப்பல்காரர் தெருக்கள் நிறைய உண்டு. பத்து மாதம் பெண்கள் பாட்டை மெதுவாக வைத்துக்கொண்டு தரை தேய்ப்பார்கள். புருஷன் வந்திருக்கும் இரண்டு மாதம் மட்டும் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. அடுத்த முறை நம் வீட்டு முறை அல்லவா!

எல்லார் வீட்டுச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட எனக்கு, பக்கத்து வீட்டில் என் தங்கை மெர்லியின் புருஷன் போல்டோ வைக்கும் பாட்டு மட்டும் பல்லைக் கூச வைக்கும். சத்தம் அதிகம் என்பதால் அல்ல. கீச்சு அதிகம். பாடுகிறவள் 'ச' என்று ஒரு எழுத்தை உச்சரித்தால் போதும், தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் காதில் இறங்கும். நான் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். இந்தத் தெருவில் பாதிப் பேரின் முதல் அழுகையைக் கேட்டவள். அலறல் எனக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட நானே போல்டோவின் பாட்டுக்கு எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.

"டேய் போல்டோ, கீச்சுக் கச்சேரி எப்படா முடியும்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

"நல்லா இருக்குல்ல அக்கா?" என்று அவன் அந்தப் பக்கமிருந்து சிரிப்பான்.

காதில் வாங்காமல் கிண்டல் செய்கிறான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போல்டோ பத்தொன்பது வயதில் கப்பல் வேலை தேடி மணிலாவுக்குப் போனவன். கப்பல் ஆள் எடுப்பவர்கள் வரும் பூங்காவில், மரத்தடியில், பதினோரு மாதம் நின்றான். எஞ்சின் அறையில் தரை துடைக்கிறவனாக முதல் வேலை. நான்கு வருடம் கழித்து எண்ணெய் போடுகிறவன் ஆனான். அதன் பிறகு பதினான்கு வருடம் அதே எண்ணெய்க் குப்பியும் அதே துணியும்தான். மேல்தளத்துக்காரர்கள் கடலைப் பார்த்ததைப் பற்றிப் பேசுவார்கள். இவன் கடலைப் பார்த்ததே துறைமுகம் வரும்போதுதான். நாள் முழுக்கப் பார்த்ததெல்லாம் ஊசிகள். அழுத்தம் காட்டும் ஊசி, சூடு காட்டும் ஊசி, எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். எஞ்சின் அறையில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. ஊசி சொல்வதுதான் அங்கே வேதவாக்கு.

அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் வந்தால் மெர்லிக்குப் போதும். இவன் மூடியைத் தொட்டுப் பார்ப்பான். கூரைத் தொட்டிக்குக் கூட ஒரு மிதவையும் கம்பியும் வைத்து, தண்ணீர் எவ்வளவு என்று சமையலறையிலேயே தெரியும்படி செய்திருந்தான். பேச்சும் அப்படித்தான், எதிரில் இருப்பவனிடம் அடுத்த ஊருக்குக் கேட்கும்படி பேசுவான். நாங்கள் அதற்கு 'எஞ்சின் வாய்' என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் தெருவில் எஞ்சின் வாய்க்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். கத்திப் பேசினால் எஞ்சின் வாய். கூப்பிட்டால் திரும்பாவிட்டால் கப்பல் களைப்பு. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது.

அந்த ஸ்டீரியோ செட்டை எழுபத்தொன்பதாம் வருடம் ஜப்பானில் கோபே துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தான். மரப்பெட்டி, வெள்ளி முகம், இரும்பு போன்ற கனம். விமானத்தில் பெட்டியோடு போட மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். அந்தக் கனத்துக்கு விமானமே ஒருபக்கம் சாய்ந்திருக்கும் என்றேன். முகப்பில் பதினாறு குமிழ்களும் பொத்தான்களும். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நான்கு ஊசிகள். இரண்டு ஊசி ரேடியோ நிலையம் சரியாக அகப்பட்டதா என்று காட்டும். மற்ற இரண்டு, பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி குதிக்கும். விளக்கு எரிந்ததும் அந்தக் கண்ணாடி முழுவதும் பச்சை கலந்த நீலமாகும். போல்டோ முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, "பூசைக்கு உட்கார்ந்தாக்கூட நீ இவ்வளவு பக்தியா இருக்கமாட்டியே" என்றேன்.

மெர்லிக்கு அவன் பாடம் நடத்தினான். ஜப்பான் செட்டுக்கு நம் ஊர் மின்சாரம் இரண்டு மடங்கு. அதனால் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் போட வேண்டும், நேராகச் சுவரில் சொருகினால் புகைதான். சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுப் பிறகு ஆன் செய்ய வேண்டும். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேடியோவா, இசைத்தட்டா, டேப்பா என்று தேர்ந்துகொண்டு, மெதுவாகச் சத்தத்தை ஏற்ற வேண்டும். நிலையம் பிடிக்கும் குமிழை வேகமாகச் சுழற்றக் கூடாது. அதற்குள் ஒரு கனச் சக்கரம் இருக்கிறது, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அதுவே வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். ஊசி நடுவில் நின்றால் நிலையம் அகப்பட்டாச்சு.

"காதால கேட்டு நிறுத்தினா போதாதா?" என்றாள் மெர்லி.

"காது ஏமாத்தும். ஊசி ஏமாத்தாது."

அவன் மறுபடி கப்பலேறுவதற்கு முதல்நாள், மெர்லியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு குமிழும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே முகப்பில் ஒரு புள்ளி வைத்தான். "இந்தப் புள்ளி எங்க இருக்கோ அங்க வை. வேற எதையும் தொடாத" என்று கட்டளை. ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கும் குமிழுக்கு மட்டும் புள்ளி இல்லை. அதில்தான் ஏ, பி என்று எழுத்தே இருக்கிறதே என்று விட்டுவிட்டான். ஏ என்றால் அவர்கள் முன்னறை. பி என்றால் என் வீட்டுச் சமையலறை. ஆமாம், பிறகொரு முறை வந்தபோது, என் கீச்சுப் புகாருக்குப் பதில் சொல்கிறேன் பேர்வழி என்று, வேலிக்கு மேலே கம்பி இழுத்து என் அடுப்புக்கு மேல் இரண்டு பழைய ஸ்பீக்கரை மாட்டிவிட்டுப் போனான். "உங்களுக்கும் பாட்டு வேணும்ல அக்கா" என்றான். நான் கேட்டது பாட்டைக் குறைக்கச் சொல்லி. கிடைத்தது இரண்டு ஸ்பீக்கர்.

மெர்லி சொன்னதைக் கேட்கும் ஜாதி. அவன் இல்லாத முதல் வருடம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரக் குழந்தை ஏதோ பொத்தானை அழுத்திவிட்டது. செட்டு ஊமையாகிவிட்டது. விளக்கு எரிகிறது, நிலையம் காட்டும் ஊசிகூடச் சரியாக நிற்கிறது, சத்தம் மட்டும் இல்லை. வேறு யாராயிருந்தாலும் எல்லாப் பொத்தானையும் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பார்கள். இவள் தொடமாட்டேன் என்றுவிட்டாள். போல்டோவுக்குக் கடிதம் எழுதினாள். அவன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் இருந்ததோ, பதில் வர ஏழு வாரமாயிற்று. பதிலில் ஒரே வரி, டேப் மானிட்டர் பொத்தான் உள்ளே அழுந்தியிருக்கும், அதை விடுவி என்று. ஏழு வாரமும் என் தங்கை அந்த ஊமைச் செட்டைத் துடைத்து, குரோஷே துணி போர்த்தி வைத்திருந்தாள். இவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது எண்பத்தேழாம் வருடம் நடந்ததற்கு வருகிறேன்.

அந்த முறை போல்டோ மிகுந்த சந்தோஷத்தோடு வந்திருந்தான். அடுத்த ஒப்பந்தத்தில் அவனை 'நம்பர் ஒன்' ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய்க்காரர்களுக்கெல்லாம் தலைவன். பதினான்கு வருடம் அவன் கனவு கண்ட பதவி. மணிலாவில் புதன்கிழமை மருத்துவப் பரிசோதனை. அது மட்டும்தான் பாக்கி. மணிலா போகும் திங்கட்கிழமை மதியக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டான்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போல்டோ படுத்துவிட்டான். ரேடியோவில் மெர்லிக்குப் பிடித்த நாடகம். அவனை எழுப்ப வேண்டாமென்று ஸ்பீக்கர் குமிழை பி பக்கம் திருப்பிவிட்டு, பூண்டுக் கூடையோடு என் சமையலறைக்கு வந்தாள். இரண்டு பேரும் பூண்டு உரித்துக்கொண்டே நாடகத்துக் கதாநாயகியின் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தோம். நாடகம் முடிகிற நேரம். திடீரென்று கரகரவென்று நிலையம் மாறி, என் அடுப்புக்கு மேல் ஒரு காதல் பாட்டு வெடித்தது. கூடவே அந்தக் கீச்சு.

"எழுந்துட்டான்" என்றாள் மெர்லி சிரித்தபடி.

"எழுந்தவன் முகம் கழுவட்டும், காப்பி குடிக்கட்டும். என் மண்டையை ஏன் ஓட்டை போடறான்? நீ வா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

பூண்டுக் கையோடு வேலியைத் தாண்டிப் போனேன். மெர்லி பின்னாலேயே வந்தாள். என் வீட்டிலிருந்து அவர்கள் வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். நடக்க நடக்கப் பாட்டு முதுகுக்குப் பின்னால் போயிற்று. கொசுவலைக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன்.

அறை அமைதியாக இருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம், சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். போல்டோ செட்டுக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தான். பாட்டெல்லாம் என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்க, இங்கே கண்ணாடிக்குள் இரண்டு ஊசியும் குதித்துக்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். செருப்பில்லாத கால் தரையில் தாளம் போட்டது. தாளம் தப்பவே இல்லை, ஊசி எழும்போதெல்லாம் கால் இறங்கியது.

நாங்கள் உள்ளே வந்த நிழல் தெரிந்ததும் திரும்பிச் சிரித்தான். சத்தக் குமிழில் கை வைத்தான்.

"ரொம்ப சத்தமா வச்சுட்டேனா?"

  மெர்லி என்னைப் பார்த்தாள், செட்டைப் பார்த்தாள், ஸ்பீக்கர் குமிழைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றாள்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. தலைக்குப் பின்னால் நின்று கை தட்டுவோம். குழந்தை திடுக்கிட்டால் சரி. இந்தத் தெருவில் எத்தனை தொட்டிலுக்குப் பின்னால் நின்று தட்டியிருப்பேன்! அவன் மறுபடி ஊசிகளின் பக்கம் திரும்பியதும், அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். இன்னும் பலமாகத் தட்டினேன். கையிலிருந்த பூண்டுத் தோல் அவன் தோளில் விழுந்தது. அதைத்தான் தட்டிவிட்டான்.

மெர்லி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், செட்டின் முகப்பைக் காட்டினாள். பேஸுக்கு ஒரு புள்ளி. பாலன்ஸுக்கு ஒரு புள்ளி. சத்தத்துக்கு ஒரு புள்ளி. பாட்டின் கீச்சை ஏற்றி இறக்கும் ட்ரெபிள் குமிழைச் சுற்றி மட்டும் ஐந்து. நடுவில் ஒரு சிவப்பு. அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி ரோஜா நிறம். பிறகு ஒரு பழுப்பு, மறுபடி ஒரு சிவப்பு, கடைசிக் கோடியில், இதற்கு மேல் திருகவே முடியாத இடத்தில், இந்த வருடத்துப் பளபளப்பு வெள்ளை. ஒவ்வொன்றும், முந்தைய புள்ளி அவனுக்குப் போதாமல் போன வருடம் அவளிடம் எந்தப் பூச்சு இருந்ததோ அதில் வைத்தது. பழைய புள்ளியை அவள் சுரண்டவில்லை, அவன் வைத்தது என்பதால்.

"வருஷா வருஷம் துடைக்கிறேனே, அக்கா" என்றாள். "வருஷா வருஷம் துடைச்சேனே."

எஞ்சின் அறைச் சத்தம் முதலில் மெல்லிய சத்தங்களைத்தான் தின்னும். குழந்தையின் சிணுங்கல், குருவி, பாட்டில் வரும் 'ச'. அவற்றை எட்டிப் பிடிக்க அவன் புள்ளி புள்ளியாக வலப்பக்கம் திருகியிருக்கிறான். நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். கீச்சுக் கச்சேரி என்று பெயர் வைத்துச் சிரித்திருக்கிறேன். கை தட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் இந்தத் தெருவில் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை நான்கு மணிக்குக் காப்பியோடு அவன் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"போல்டோ, உனக்குக் காது போயிடுச்சு."

"என்ன?"

"காது! போயிடுச்சு!"

"யார் சொன்னது? எஞ்சின்காரன் எல்லாரும் கொஞ்சம் இப்படித்தான்." சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். மெர்லி எழுந்துபோய் ஸ்பீக்கர் குமிழை விரலால் காட்டினாள். அது இன்னும் பி-யில்தான் இருந்தது. அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான். மத்தியானம் தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவனுக்குப் புரிந்தபோது, ஒரு பெரிய மனிதனின் முகம் அவ்வளவு சின்னதாகும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"ஊசி ஆடுச்சு" என்றான். "ஓடுதுன்னு நெனச்சேன். பழைய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். தலைக்குள்ள ஓடுறதா, வெளிய ஓடுறதான்னு இப்பல்லாம் தெரியறதில்ல."

"போன வருஷம் டெஸ்ட்டுல எப்படிடா பாஸ் பண்ண?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, அதில் ஒரு பெருமையும் கலந்து சொன்னான். கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வெளியே இருப்பவன் பொத்தானை அழுத்தும்போது அவன் முழங்கை லேசாக அசையும். கண்ணாடியில் தெரியும். முழங்கை அசைந்தால் இவன் அழுத்துவான்.

"அதுவும் ஒரு ஊசிதான்" என்றான்.

"மூணு வருஷமாவா?"

"நாலு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த கிளினிக்குக்கு நானே எழுதிப் போடறேன். நர்ஸ் கையெழுத்தோட, முத்திரையோட."

"போடுங்க! போட்டுட்டு எனக்கு இங்க ஒரு வேலையும் வாங்கிக் குடுங்க! தொட்டிலாட்டற வேலை!" எஞ்சின் வாயால் அவன் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவனுக்கு அது கேட்டிருக்காது. "பதினாலு வருஷம், அக்கா. ஒரே ஒரு தடவை நம்பர் ஒன்னா போயிட்டு வந்துடறேன். ஒரே தடவை. அப்புறம் நீங்க சொல்றபடி."

 மெர்லி அவன் அருகில் போய், முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"கப்பல்ல ஏதாவது நடந்துச்சா?"

அவன் காப்பிக் கோப்பையைச் சுற்றினான். பிறகு சொன்னான். ஏப்ரல் மாதம் ஒரு நீராவிக் குழாயின் மூட்டு விட்டுப்போயிற்று. பின்னாலிருந்து ஒரு பையன், செபூ தீவுக்காரன், விலகு விலகு என்று கத்தியிருக்கிறான். இவனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஓடிவந்து இவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையனின் முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோயிற்று.

"அவன் யார்கிட்டயும் சொல்லல. அண்ணன் பேரு கெட்டுடும்னு, தானே தவறிக் கை வச்சதா எழுதிக் குடுத்துட்டான்."

 மெர்லி எழுந்து, காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் குரல் அசையவில்லை.

"நீ போ. நான் தடுக்கல. அக்காவும் எழுதமாட்டா. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கோ. கண்ணை மூடிட்டு நீ பாஸ் பண்ணினா, உன் பெட்டியை நானே அடுக்கிக் குடுக்கறேன். நம்பர் ஒன்னா போயிட்டு வா."

"மூடறேன்னு சொல்லிட்டு மூடாம இருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் மெர்லி. "உனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை அவன் போனான். துறைமுகத்தில் கையசைத்தபோது அவன் என்ன முடிவெடுத்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மெர்லி செட்டை ஆன் செய்யவில்லை. என் நிலை இன்னும் மோசம். அவன் பாஸாகக் கூடாது என்று மாதாவிடம் வேண்டினேன். அடுத்த நிமிடமே, பதினான்கு வருடம் ஒரு மனிதன் காத்திருந்ததைக் கெடுக்க நீ யாரடி என்று என்னையே திட்டிக்கொண்டேன். புதன்கிழமை ஒரு பிரசவம். ஆண் குழந்தை. தலைக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். அது திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது. அந்தத் தாய் எதிரிலேயே நான் அழுதுவிட்டேன். பாவம், அவள் பயந்தே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினான். கையில் பழுப்பு உறை. மெர்லி வாசலிலேயே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான்.

"மூடினேன்" என்றான்.

அவனே தொடர்ந்தான். "இருபது சத்தத்துல நாலுக்குத்தான் அழுத்தினேனாம். அந்த டெஸ்ட் எடுக்கிற பையனுக்கு நாலு வருஷமா என்னைத் தெரியும். நம்ம ஊர் பக்கத்துக்காரன்தான். நான் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டு, என்னடா இந்த ஆளு தூங்கிட்டானான்னு கண்ணாடியைத் தட்டியிருக்கான். கண்ணைத் தொறங்க அண்ணே, என் கையைப் பாருங்க, மறுபடி எடுக்கலாம்னு நல்லா தட்டியிருக்கான், அப்புறம் அவனே சொன்னான்." இங்கே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தட்டினது கேக்கலையே!"

முதலில் நான்தான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. பிறகு மெர்லி. மூன்று பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முச்சக்கர வண்டிக்காரன் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். சிரிப்பு நின்றபோது மெர்லி அவன் தோளில் முகத்தை வைத்திருந்தாள். உறை கீழே விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பினோம். தெருவில் மூன்று வீட்டில் பாட்டு. போல்டோ வீட்டில் மட்டும் பாட்டு இல்லை. நான் சோற்றுப் பானையை அவர்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். அவன் செட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மெர்லியை உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ வை" என்றான். "எது சரின்னு எனக்கு இனிமே தெரியாது."

"நான் எதையும் மாத்தினதே இல்லையே."

"இன்னிக்கு மாத்து."

அவள் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். ஆன் செய்தாள். 'டக்' வரும்வரை காத்திருந்தாள். நிலையத்தைப் பிடித்து, சத்தத்தை ஏற்றினாள். பழைய பாட்டு ஒன்று, ஒரு பெண் குரல், வழக்கமான கீச்சோடு வந்தது. மெர்லி ட்ரெபிள் குமிழில் இரண்டு விரலை வைத்தாள். அவள் விரலுக்கு மேல் அவன் தன் விரலை வைத்தான். வெள்ளைப் புள்ளியிலிருந்து சிவப்புக்கு. சிவப்பிலிருந்து பழுப்புக்கு. ரோஜா நிறத்துக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் குரலிலிருந்து ஒரு தோல் உரிந்தது. நடுவிலிருந்த முதல் சிவப்புக்கு வந்ததும் குமிழ் ஒரு சின்ன வெட்டு வெட்டி, தானாக நின்றது. அந்த வெட்டு அவன் விரலுக்குத் தெரிந்தது. தலையசைத்தான்.

அறைக்குள் ஒரு பெண் வந்து நின்று பாடுவதுபோல் இருந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருடமாக என் அடுப்புக்கு மேல் கீச்சிட்டதும் இவள்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. மெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன, மோசமா இருக்கா?" என்றான் அவன் பதறிப்போய்.

அவள் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

"இத்தனை வருஷம் எப்படி இருந்துச்சு?"

"ரம்பம் அறுக்கற மாதிரி."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு மாசத்துக்கு வர்ற ஆளு. உனக்குப் பிடிச்ச மாதிரி கேளுன்னு விட்டுட்டேன்."

"நான் இல்லாத பத்து மாசம்? அப்ப உனக்குப் பிடிச்ச மாதிரி வச்சிருக்கலாமே?"

 மெர்லி சொல்ல வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். கல்யாணமாகிப் பதினேழு வருடமானவள்.

"நீ வச்ச புள்ளியிலயேதான் வச்சிருந்தேன்" என்றாள். "தினமும்."

அவனுக்கு இது கேட்டதா, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டானா, தெரியாது.  எழுந்து தன் நாற்காலியைத் தூக்கினான். செட்டுக்கு முதுகைக் காட்டி, மெர்லிக்கு எதிராகப் போட்டு உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஊசியும் குதித்துக்கொண்டிருந்தன. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மெர்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் அதைத் தெரிந்துகொண்டான்.

"அடுத்தது வந்துடுச்சா?" என்றான்.